ஈத்தன்பாறையில் தொட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனது பற்றி

கல்குளம் வட்டம், ஈத்தன்பாறை ஊராட்சியில் டிப்பர் லாரி ஏறி கோலப்பன் என்பவர் இறந்த வழக்கில், அவருடைய மனைவி ராஜபாய் நீதித்துறை நடுவர் முன்பாக அளித்த வாக்குமூலம்.

என் பெயர் ராஜபாய். வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் கோலப்பன், அவர் இப்போது உயிருடன் இல்லை. ஈத்தன்பாறை ஊராட்சி குளத்துவிளையில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் வேலை செய்கிறேன், எங்கள் ஊரில் அதை அண்டி ஆபீஸ் என்று சொல்வார்கள். என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்துவந்தார். எங்களுக்கு அஞ்சலி என்று ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். நாங்கள் அய்யாவழியைச் சேர்ந்தவர்கள். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், எழுத வாசிக்கத் தெரியும்.

இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். கொடுக்கும்படி யாரும் மிரட்டவில்லை. கொடுக்காமல் இருக்கும்படிதான் மிரட்டலும் வந்தது, ஆசையும் வந்தது. யோசிக்க நேரம் வேண்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் என்னால் சொல்ல முடியாமல் போய்விடும்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே உள்ள பாறையில் மேற்குமலை அக்ரிகேட்ஸ் என்ற கம்பெனி கல் உடைத்துவருகிறது. வெடி வைக்கும்போது வீட்டு ஓடுகள் நகரும். கல் பொடிக்கிற கிரஷர் வந்த பிறகு எங்கள் பகுதிக் கிணறுகளில் ஊறுகிற தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாக இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல நானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அப்போதைய ஊராட்சித் தலைவரிடம் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து சாயா கொடுத்தார். அதன் பிறகு, "ராஜபாய், நான் ஓட்டு கேட்டு வந்த ஜீப்பு ஆருக்க ஜீப்புன்னு நீ பாக்கேல்லியா? எனக்க வாயெக் கெட்டியாச்சு" என்று சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் தோற்றவரான சுயம்புராஜிடம் போனோம். அவருக்கும் வண்டியும் சுவர் விளம்பரமும் சாப்பாடும் கம்பெனிதான் கொடுத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு மேற்படி தலைவர் மாரடைப்பில் இறந்துபோனதால் இடைத்தேர்தல் அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரைச் சேர்ந்த யேசுரத்தினம் என்பவர் கூட்டுறவு சங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். அவர் ரோட்டோரம் குருசு நிற்கிற குருசடி முன்னால் எல்லோரையும் கூட்டிப் பேசினார். "கம்பெனிக்கு நம்ம ஊருல ஒத்தை ஓட்டு கெடையாது. ஆனா எல்லா எலெக்ஷன்லயும் ஜெயிக்கியது அதுதான். நாம ஆளெ மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, சக்கரம் வாற வழியெ அடைக்கணும்" என்று சொன்னார். சக்கரம் என்று எங்கள் ஊரில் பணத்தைத்தான் சொல்வார்கள். அன்று ஒரு குழு அமைத்து, ஒரு முடிவு செய்தோம். தேர்தலில் நிற்கிற யாரும் கம்பெனியிடம் பணமோ வண்டியோ பொருளோ வாங்கக்கூடாது, வாங்கினால் எங்கள் ஓட்டு இல்லை. ஓட்டுப் போடுகிற வீடுகளும் வாங்கக்கூடாது. வேட்பாளருக்கு ஆகும் செலவை ஊர்க்காரர்களே கொடுக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்கக்கூடாது. இந்து வீட்டுக்காரர்கள் அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலில் வைத்தும் கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் குருசடியில் வைத்தும் சத்தியம் செய்தார்கள். நான் இரண்டு இடத்துக்கும் போனேன்.

அதன் பிறகு குவைத்தில் நர்சாக இருந்து திரும்பிவந்த லீமா என்பவரை நிற்கவைத்தோம். அவர் முதலில் மறுத்தார், பிறகு சம்மதித்தார். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து தேர்தல் செலவுக்கு என்று ஒரு தொகை அனுப்பினார், லீமா அதைக் குழுவிடம் சொன்னார். சொந்த அண்ணன் கொடுப்பதில் என்ன தப்பு என்று சிலர் கேட்டார்கள். என் கணவர், "நூறுன்னு சொன்னா நூறுதான். இல்லேன்னா நாளைக்கு கம்பெனிக்காரனும் அண்ணன்னு சொல்லிட்டு வருவான்" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். லீமா அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். என் கணவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

சுயம்புராஜும் மறுபடி நின்றார். எங்கள் முடிவுக்குக் கட்டுப்படுவதாக அவரும் நிழல்தாங்கலில் வந்து சத்தியம் செய்தார். ஆனால் மனு தாக்கல் முடிந்த பிறகு கம்பெனி ஜீப்பில்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் லீமாவுக்காக நடந்தே ஓட்டு கேட்டோம். என் கணவர் பால்வெட்டு முடித்துவந்து சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவர்களில் பூட்டு சாவி சின்னம் வரைந்தார். மைக் கட்டுவதற்கு ஒரு சாமான் ஆட்டோ மட்டும் வைத்திருந்தோம். மத்தியானத்துக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தந்தார்கள். ஜெயித்துவிடுவோம் என்று நான் நம்பினேன். சிலர் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஓட்டு உங்களுக்குத்தான் என்று மெதுவாகச் சொன்னார்கள். அந்த ஆட்கள் கிரஷரில் வேலை பார்க்கிறவர்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம், நான் அண்டி ஆபீசில் இருந்த நேரத்தில், கம்பெனி லாரியில் கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டிகளைக் கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்றாக இறக்கிவிட்டுப் போனார்கள். கூடவே தண்ணீர் லாரியும் வந்து தொட்டிகளை நிரப்பிவிட்டது. அதைச் சமூகப் பொறுப்புத் திட்டம் என்று சொன்னார்கள். தொட்டியில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. ஆனால் இறக்கின ஆட்கள் வீட்டுக்கு வீடு, "ஆருக்குப் போடணும்னு தெரியும் இல்லியா?" என்று கேட்டிருக்கிறார்கள். யேசுரத்தினமும் லீமாவும் தேர்தல் அதிகாரியிடம் போய்ப் புகார் கொடுத்தார்கள். கொடுத்தது கம்பெனி, வேட்பாளர் இல்லை, ஆகையால் அது வேட்பாளர் செலவுக் கணக்கில் வராது, விசாரிக்கிறோம் என்று பதில் கிடைத்தது.

அதன் பிறகு எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை வந்தது. என்னுடன் அண்டி ஆபீசில் அடுத்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற செல்லத்தாய் என்பவள் தொட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றாள். அவள் மகன் சிவபிரசாத் கம்பெனியில் டிப்பர் ஓட்டுகிறான். "நீ சொல்லியது எல்லாம் நியாயம்தான் ராஜபாயே. ஆனா பைப்பெத் தொறந்தா வெள்ளம் வருது. எத்தறை வருசமாச்சு எனக்கு?" என்றாள். வெள்ளம் என்று எங்கள் ஊரில் தண்ணீரைத்தான் சொல்வார்கள். நான் அவளை வற்புறுத்தவில்லை.

மற்ற வீடுகளில் பாதிக்கு மேல் சம்மதித்தார்கள். தொட்டித் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிட்டு, ஓட்டுப்பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டிகளைப் படுக்கப்போட்டு உருட்டிக்கொண்டு கிரஷர் ரோட்டில் ஏறினோம். பெரும்பாலும் பெண்கள்தான். அந்த ரோடு கம்பெனி வாசல்வரை நல்ல ஏற்றம். தொட்டி கனம் இல்லை என்றாலும் கீழே ஓடிவிடும் என்பதால் இரண்டு பேர் தள்ளினோம். என் கணவரும் இன்னும் சில ஆண்களும் பின்னால் வந்து, நிறுத்தின தொட்டிகள் உருளாமல் இருக்க அடியில் கல் அண்டை கொடுத்தார்கள். ஆட்டோ கடைசியில் வந்தது. போகும்போது எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனோம். கோயில் கொடைக்குப் போவதுபோலப் பேசிச் சிரித்துக்கொண்டு போனோம். இதைச் சொல்லக் காரணம், நாங்கள் கலவரம் செய்யப் போனோம் என்று இன்னொரு வழக்கில் எழுதியிருக்கிறது.

வாசல் திறந்திருந்தது. உள்ளே ஜல்லி ஏற்றின டிப்பர் ஒன்று வெளியே வருவதற்காக நின்றது. அதில் சிவபிரசாத் இருந்தான். செல்லத்தாய் அவனுக்குச் சோறு கொண்டுவந்து வாசல் பக்கத்துச் சாயாக்கடையில் நின்றிருந்தாள். கம்பெனி மேனேஜர் பகவதியப்பன் வாசலுக்கு வந்து, வழியை விடுங்கள் என்று சொன்னார். அவரும் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்தவர்தான். லீமா அவரிடம் மரியாதையாகவே பேசினார். "அண்ணா, எங்களுக்குத் தண்ணி வேண்டாமுன்னு இல்ல. ஓட்டு முடிஞ்ச பொறவு தாங்க, வாங்கிக்கிடுதோம். இப்ப இதெ உள்ள எடுத்துப் போடுங்க, நாங்க போறோம்" என்றார். பகவதியப்பன் போனில் யாரிடமோ பேசினார். பேசி முடித்துவிட்டு டிப்பர் பக்கம் திரும்பி, "எடுலே வண்டியெ" என்றார்.

சிவபிரசாத் கதவு வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஆளு நிக்குது" என்றான். பகவதியப்பன், "நீ எடு. அவளுவ தானா மாறுவாளுவ. எடுக்கேல்லேன்னா சாவியெத் தந்துட்டு எறங்கிப் போ" என்றார். நான் வாசலின் இடப்பக்கம் ஓடை ஓரத்தில், கை நீட்டினால் பகவதியப்பனைத் தொடுகிற தூரத்தில் நின்றேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

சிவபிரசாத் ஆரன் அடித்தான். பிறகு வண்டியை எடுத்தான், வேகமாக எடுக்கவில்லை. முன்னால் நின்ற பெண்கள் விலகினார்கள். வண்டியின் முன்பக்கம் முதல் தொட்டியில் இடித்தது. அது போய் அடுத்த தொட்டிகளில் இடித்து, அண்டை கொடுத்த கல் விலகி, எல்லாத் தொட்டிகளும் ஏற்றத்திலிருந்து கீழே உருள ஆரம்பித்தன. கீழே நின்றவர்களில் சிலரால் விலக முடியவில்லை. என் கணவர் நடு ரோட்டில் வந்து ஒரு தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் விழுந்து கிடந்தார்கள். அவர்கள் எழுந்து போகும்வரை அவர் தொட்டியை விடவில்லை. டிப்பர் அதற்குள் சரிவில் இறங்கிவிட்டது. பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது, ஆனால் நிற்கவில்லை. லோடு அதிகம் என்று பிறகு சொன்னார்கள், அது எனக்குத் தெரியாது. தொட்டியும் என் கணவரும் முன் சக்கரத்துக்கு அடியில் போனார்கள். முதலில் தொட்டி உடைகிற சத்தம் கேட்டது. தொட்டி மட்டும்தான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு சிவபிரசாத் குதித்து இறங்கி, "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு சக்கரத்தைக் கையால் தள்ளினான். லோடு வண்டியைக் கையால் தள்ள முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவன் தள்ளிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உள்ளே நின்ற கம்பெனி ஜீப்பைக் கேட்டு நாங்கள் வாசலுக்கு ஓடினோம். பகவதியப்பன் உள்ளே போய் வாசல் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். கம்பி வழியாக நான் அவரைப் பார்த்தேன். "அண்ணா, ஜீப்பெ மட்டும் தாங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். திரும்பி நடந்து ஆபீசுக்குள் போனார்.

அப்போது ஒரு கல் எடுத்து எறிந்தேன். அது பட்டு கேட்டின் மேலிருந்த விளக்கு உடைந்தது. பெண்கள் கல்லெறிந்ததால் டிரைவர் பயந்து வண்டியை எடுத்தான் என்று என் மேலும் மற்றவர்கள் மேலும் வழக்கு இருக்கிறது. எறிந்தது ஒரே கல். எறிந்தது நான். எறிந்தது கேட் சாத்தின பிறகு. இதைச் சொல்லக்கூடாது என்று எங்களுக்காக வாதாடுகிற வக்கீல் என்னிடம் சொல்லியிருந்தார்.

அதன் பிறகு மைக் கட்டின ஆட்டோவில் என் கணவரை ஏற்றினோம். மைக்கை யாரும் நிறுத்தாததால் தக்கலை ரோடுவரை தேர்தல் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தலை என் மடியில் இருந்தது. சாகும்போது, கம்பெனியை விடாதே என்று அவர் சொன்னதாகப் பேப்பரில் வந்திருக்கிறது. அது சரியில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எந்த இடத்தில் போனது என்று மடியில் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அவர் குடித்திருந்தார் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். என் கணவர் குடிப்பது உண்டு. அன்று குடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டக் கிணற்றில் இறைத்தபோது தண்ணீர் வழக்கம்போல வெள்ளையாக வந்தது. குடத்தில் வைத்துத் தெளியட்டும் என்று காத்திருந்தோம், தெளியவில்லை. அண்டைவீட்டுப் பெண் ஒருத்தி செல்லத்தாய் வீட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று சொன்னாள். லீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த வெள்ளம் மட்டும் வேண்டாம்" என்று அழுதார். "பின்ன எந்த வெள்ளத்துல குளிப்பாட்ட? நீ சொல்லு பிள்ளே" என்று கேட்டேன். நானே குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துவந்தேன். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி, நாமம் போட்டு, எங்கள் வழக்கப்படி வடக்கு முகமாக அடக்கம் செய்தோம்.

ஓட்டுப்பதிவு சொன்ன நாளில் நடந்தது. நானும் போனேன். வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள், ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. சுயம்புராஜ் ஜெயித்தார். கிரஷர் ரோட்டு ஓரத்தில் கிடந்த தொட்டிகளில் உடையாதவற்றை, திருப்பிக் கொடுக்க வந்தவர்களே உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வீட்டு முற்றத்தில் இருந்து பார்த்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். ஆனால் போகிறபோது யாராவது ஒருத்தி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அதன் பிறகு பகவதியப்பன் இன்னொருவருடன் என் வீட்டுக்கு வந்தார். என் கணவர் போதையில் வண்டிக்கு முன்னால் விழுந்தார், தவறு இருந்தால் அது டிரைவர்மேல்தான், மேனேஜர்மேல் இல்லை என்று நான் சொன்னால், அஞ்சலியின் படிப்பையும் வேலையையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று கூட வந்தவர் சொன்னார். பகவதியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லையென்றால் கல்லெறிந்த வழக்கில் அஞ்சலியையும் சேர்க்கவேண்டி வரும், பிறகு நர்ஸ் வேலை எங்கேயும் கிடைக்காது என்றும் அந்த நபர் சொன்னார். அன்று அஞ்சலி ஊரிலேயே இல்லை, கல்லூரியில் இருந்தாள். அவர்கள் போன பிறகு அவள் என்னிடம், "அம்மா, நீ என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பா குடிச்சிருந்தாவன்னு மட்டும் சொல்லாண்டாம்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

பிறகு யேசுரத்தினம் வெளியூர் வக்கீல் ஒருவரையும் ஒரு கட்சியைச் சேர்ந்த இரண்டு பேரையும் கூட்டிவந்தார். சிவபிரசாத் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே வேகமாக ஏற்றினான் என்று நான் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படி இல்லை, மெதுவாகத்தான் எடுத்தான் என்று சொன்னேன். "கொலைன்னு சொன்னாத்தான் கேஸ் நிக்கும் ராஜபாய். இல்லேன்னா கோலப்பன் செத்தது வெறுதே ஆயிரும்" என்று யேசுரத்தினம் சொன்னார். அவர் நல்லவர், அழுதுகொண்டுதான் சொன்னார். சாயாக்கடைக்காரரும் மற்றவர்களும் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள், இனி நீ சொல்வதுதான் எல்லாம் என்றும் சொன்னார். நான் கண்டதைத்தான் சொல்வேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. லீமா மட்டும் போன் செய்வார், என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் வைத்துவிடுவோம்.

கடைசியாக, சிவபிரசாத் ஜெயிலில் இருக்கும்போது, செல்லத்தாய் வந்தாள். அண்டி ஆபீசில் அவள் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை, வேறு வரிசைக்கு மாறிவிட்டாள். பின்வாசல் வழியாக வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். "எனக்க மோன் வேணுமுன்னு செய்யேல்ல" என்றாள். தெரியும் என்றேன். "மேனேஜர் எடுக்கச் சொன்னது நானும் கேட்டேன்" என்றாள். அப்படியென்றால் வந்து சொல் என்று அவள் கையைப் பிடித்தேன். "நான் எப்பிடி சொல்லுவேன்? அவனுக்கு வக்கீல் வச்சிருக்கியது கம்பெனி. நான் வாயெத் தொறந்தா வக்கீல எடுத்திருவாவ. பொறவு அவன் செயில்லயே கெடந்து சாவான். ராஜபாயே, நீயும் மேனேஜரு பேரெச் சொல்லாத. நீ ஒருத்தி சொல்லி ஆரு நம்பப்போறா? அவிய கோவம் எனக்க பிள்ளைமேலல்லா விழும்?" என்றாள்.

"நான் சொல்லேல்லேன்னா உனக்க மோன் ஒருத்தன்தான் குத்தவாளி. அதெ யோசிச்சியா?" என்று கேட்டேன். யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது என்றாள். அவள் என்னிடம் கேட்டதை நான் கொடுக்கவில்லை, நான் கேட்டதை அவளும் கொடுக்கவில்லை. போகும்போது, "கோலப்பண்ணன் அவனெத் தோள்ல தூக்கிட்டு நடந்தாவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மை. எங்களுக்கு அஞ்சலி பிறப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில்தான் அவன் வளர்ந்தான்.

இதைச் சொல்வதால் செல்லத்தாய் இனி என்னுடன் பேசமாட்டாள். என் மகளை வழக்கில் சேர்ப்பார்களா என்பதும் தெரியாது. எங்கள் குழுக்காரர்களுக்கும் நான் சொன்னது போதாது. கம்பெனிக்காரர்கள் இன்னொரு தேர்தலுக்கும் வருவார்கள், அடுத்த முறை தொட்டிக்குப் பதில் வேறு ஏதாவது கொண்டுவருவார்கள், திருப்பிக் கொடுக்க ஒருவரும் கிரஷர் ரோட்டில் ஏறமாட்டார்கள். என் கணவர் எதற்காகச் செத்தார் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எப்படிச் செத்தார் என்பது மட்டும் தெரியும், அதைத்தான் சொன்னேன். சிவபிரசாத் செய்தது தவறு. எடுக்கச் சொன்னவரின் பெயரை எழுதாமல் அவனை மட்டும் தண்டித்தால், அது நான் சொன்னதை வைத்துத் தண்டித்தது ஆகாது.

இதை எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் விபத்து என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையை எடுக்கும்படி கேட்டேன். கொலை என்று எழுதவேண்டுமா என்று எழுதுகிறவர் கேட்டார். அதுவும் வேண்டாம், பகவதியப்பன் எடுக்கச் சொன்னார், சிவபிரசாத் எடுத்தான், என் கணவர் இறந்தார் என்று எழுதினால் போதும் என்றேன். நடுவர் அவர்கள் அப்படியே திருத்தச் சொன்னார்கள், திருத்தியிருக்கிறது.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சரியாக இருப்பதாக ஒப்புக்கொண்டு, திருத்தின இடத்திலும் கடைசியிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கோ. ராஜபாய்